நீலக்குழிக் கல் நாறிய வருஷம்

நொச்சிவலசு நீலக்குழியில் பிறந்து உலகத்தில் எங்கெங்கோ குடிபோயிருந்த கற்கள் அத்தனையும், அந்த வருஷம் ஆவணி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை, பால்காரர்கள் வாசலுக்கு வந்து மணியடிக்கிற நேரம் பார்த்து, ஒன்றுபோல நாற ஆரம்பித்தன. காங்கேயத்தில் குழி முதலாளி அர்த்தநாரியின் பங்களாவில் கண்ணாடி அலமாரிக்குள் பட்டுத்துணி மேல் உட்கார்ந்திருந்த இருபத்தாறு கற்களும் நாறின. சீமையில் ஏதோ ஒரு காட்சிச்சாலையின் நிலவறையில், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பஞ்சு மெத்தையில் படுத்துக் கிடந்த கல்லும் நாறியது. நொச்சிவலசுக்குள்ளேயே அட்டாலியிலும் அரிசி மூட்டைக்கு அடியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் ஒளிந்திருந்தவையும் நாறின. வெள்ளாட்டுத் தோலை மழையில் நனையவிட்டு, மூட்டை கட்டி, மூன்றாம் நாள் அவிழ்த்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு நாற்றம். கல்லோ கடல்தண்ணி நிறம், சீவி வைத்ததுபோல ஆறு பட்டை, உள்ளே பார்த்தால் அந்தப் பக்கத்து ஆள் தெரிவான். அதிலிருந்து இந்த நாற்றம்.

கல் எப்படி நாறும் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. முதலில் எலி செத்துவிட்டது என்று ஓட்டைப் பிரித்தார்கள், பரணை இறக்கினார்கள், நெல் குதிர்களைக் கவிழ்த்தார்கள். எலி கிடைக்கவில்லை, கல் கிடைத்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் குழி மூடிய நாளில் ஆளுக்கொன்றாக மடியில் கட்டிக்கொண்டு போனவர்கள், கட்டின பெண்டாட்டிக்கும் சொல்லாமல் வைத்திருந்தவர்கள், எல்லோருடைய வீடும் இப்போது தானாகவே கூவிச் சொல்லியது. தெருவில் நடந்தால் போதும், யார் வீட்டில் ஒன்று, யார் வீட்டில் நாலு என்று மூக்குக்குத் தெரிந்தது. இரண்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். மூன்றாம் நாள், கல் இல்லாத வீடு நாலே நாலுதான் என்று தெரிந்ததும், எல்லோருக்கும் வெட்கம் விட்டுப்போயிற்று.

அந்த நாலு வீட்டில் ஒன்று சென்னியம்மாளுடையது, இன்னொன்று அவள் தம்பி நாட்ராயனுடையது.

சென்னியம்மாள் அர்த்தநாரியின் பங்களாவில் கல் கழுவுகிறவள். கொல்லையில் ஆசிட் தொட்டியும், பல் தேய்க்கும் பிரஷ்ஷும், ஒரு கொத்துக் கருவேல முள்ளும் வைத்துக்கொண்டு, கல்லின் மேல் ஏறிய செம்மண் கறையைக் கரைத்து, முள்ளால் சந்து சந்தாகக் குத்தி மண்ணை எடுக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் அதைச் செய்ததில் அவள் விரல் நுனிகளில் ரேகை இல்லை. நீலக்குழிக் கல்லிலிருந்து வந்த மண்ணை மட்டும் அவள் சாக்கடையில் ஊற்ற மாட்டாள். வெள்ளைத் துணியில் வடிகட்டி, காயவைத்து, ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். முக்கால் டப்பா சேர்ந்திருந்தது. அவள் புருஷன் பொங்கியண்ணனில் அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பொங்கியண்ணன் நீலக்குழிக்குள் இருந்தான். அவனோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். முப்பதடி ஆழத்தில், பாறை பிளந்து கல் பூத்திருந்த ஒரு பொந்தைக் கண்டுபிடித்த அன்றைக்கே குழியின் கூரை இறங்கிவிட்டது. ஒரு நொடியில் முடிந்துவிட்டதம்மா, கூடையை இறக்கக்கூட நேரமில்லை என்று ஊர் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொன்னது. அவள் அன்றைக்குப் பக்கத்து ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் அர்த்தநாரி கொண்டுவந்த இயந்திரம் மண்ணைத் தள்ளிக் குழியை மூடிச் சமன் செய்துவிட்டு, மேலே வேப்பங்கன்று ஒன்றை நட்டு, அதற்குத் தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போயிருந்தது. விஷக்காற்று வருகிறது, திறந்தால் ஊருக்கு ஆகாது என்றார்கள். நாலு விதவைகளுக்கும் அர்த்தநாரி தன் பங்களாவில் வேலை கொடுத்தார். மூன்று பேர் ஒரு மாதத்தில் ஓடிவிட்டார்கள். இவள் மட்டும், அவன் இருக்கிற இடத்து மண் அங்கேதானே வருகிறது என்று, நின்றுவிட்டாள்.

அர்த்தநாரி கெட்ட வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. வெள்ளை வேட்டி, மெல்லிய குரல், கல்லைத் தொடும்போது பச்சைக் குழந்தையைத் தொடுகிற மாதிரி இரண்டு கை. கல்லை வெட்டி மோதிரத்தில் வைப்பது கசாப்புக் கடைக்காரன் வேலை என்பார். அவருக்குக் கல் பெரிதல்ல, கல் பிறந்த ஊர்தான் பெரிது. ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: கல்லின் பேர், அது பிறந்த குழி, சேகரித்தவர் பேர். சீட்டு இல்லாத கல் அப்பன் பேர் தெரியாத பிள்ளை என்பது கல் சேகரிக்கிற கூட்டத்து வழக்கம். கார்ன்வால் தகரச் சுரங்கத்துக் கல், சாக்ஸனி வெள்ளிச் சுரங்கத்துக் கல், கோலார்த் தங்க வயல் கல் என்று அவர் அலமாரியில் இருந்த ஊர்கள் எல்லாமே தீர்ந்துபோன ஊர்கள், மூடிப்போன குழிகள். "சுரங்கம் செத்தாத்தானுங்க கல்லுக்கு உசுரு வரும்" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். விருந்தாளிகளும் சிரிப்பார்கள். காபித் தட்டோடு அங்கே நின்றிருக்கிற சென்னியம்மாளும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். குழியைத் திறந்து எலும்பையாவது எடுத்துக் கொடுங்கள் என்று வருஷத்துக்கு ஒருமுறை அவள் கேட்பதும், பார்க்கலாம் என்று அவர் சொல்வதும், பொங்கல் தீபாவளி மாதிரி நடந்துகொண்டிருந்தது. திறந்தால் இன்னும் கல் வரும். இன்னும் வந்தால் இருக்கிற இருபத்தாறுக்கும் மவுசு போய்விடும். இது அவளுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

நாற ஆரம்பித்த ஏழாம் நாள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். உள்ளே கிடக்கிற நாலு பேரும் கேட்கிறார்கள், வேறொன்றுமில்லை என்று பூசாரி சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். குழியைத் திறப்பது, நாலு பேரையும் எடுத்துக் காரியம் செய்வது, கல்லையெல்லாம் உள்ளேயே போட்டு மூடுவது என்று முடிவாயிற்று. அர்த்தநாரிகூடச் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்; அவர் வீட்டில் மூன்று நாளாக யாரும் சாப்பிடவில்லை. சென்னியம்மாள் அன்றைக்குச் சாயங்காலமே காங்கேயம் போய் நாலு முழம் கோடித் துணியும் எலும்பு எடுக்க ஒரு புதுப் பானையும் வாங்கி வந்தாள். வாழ்க்கையில் கல்யாணப் புடவையைக்கூட அவள் அத்தனை ஆசையோடு தொட்டுப் பார்த்ததில்லை.

குழி திறக்க நாள் குறித்த வாரத்தில் ஒரு ஜெர்மன்காரர் வந்தார். பழைய சுரங்கத்துக் கற்களுக்காக உலகம் சுற்றுகிறவர், இஸ்திரி கலையாத சட்டைக்காரர். அலமாரி திறந்ததும் மூக்கைப் பொத்துவார் என்று எல்லோரும் பார்த்திருக்க, அவர் குனிந்து மோந்தார், மறுபடியும் மோந்தார், கண்ணை மூடிக்கொண்டு மோந்தார், கடைசியில் கண்ணில் தண்ணீரோடு நிமிர்ந்தார். சந்தையில் விற்கிற நீலக்குழிக் கல்லில் பத்துக்கு எட்டு பொய், பிரேசில் கல்லுக்கு நொச்சிவலசுச் சீட்டை ஒட்டி விற்கிறார்கள், ஒட்டினது எது உண்மை எது என்று நிபுணர்களுக்கே தெரியவில்லை, ஆனால் பிரேசில் கல் நாறாது, இது நாறுகிறது, இனி இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று சொல்லிவிட்டு, கல்லை முத்தமிட்டார். சென்னியம்மாள் அதைப் பார்த்தாள். கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

அதற்கப்புறம் நொச்சிவலசு நடந்துகொண்டதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். குழி திறக்கிற நாள் ஐப்பசிக்குத் தள்ளிப்போயிற்று, பிறகு தைக்கு, பிறகு அறுவடை முடியட்டும் என்று ஆயிற்று. நாற்றத்துக்குத் தரம் பிரித்தார்கள்: நனைந்த தோல் மாதிரி நாறினால் முதல் தரம், அழுகின முட்டை மாதிரி என்றால் இரண்டாம் தரம், வெறும் ஈரச்சாக்கு வாடை என்றால் கழிசல். டீக்கடையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மாரண்ணன் என்பவனுக்கு மூக்கு நல்லது என்று தெரிந்து, அவன் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கல் விலைபோகும் என்றாகி, அவன் மூக்குக்குச் சளி பிடிக்காமல் இருக்க மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்றே மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, நல்லா நாறுதுங்க, நல்ல குடும்பம்தான் என்று உள்ளே வந்தார்கள். கல் இல்லாத பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கிருந்தோ நீலக் கல்லை வாங்கி, செத்த நாயின் வயிற்றில் வைத்துத் தைத்து, எருக்குழியில் புதைத்து, பதினைந்து நாள் கழித்து எடுத்து விற்றார்கள். தொட்டிலில் கிடக்கிற குழந்தை நாற்றத்துக்கு அழுதால், பழகட்டும் என்று கல்லை அதன் மூக்குக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். நாலு மாதத்தில் குழந்தைகள் அழுவதை விட்டுவிட்டன. அதுதான் சென்னியம்மாளுக்கு எல்லாவற்றையும்விடக் குமட்டியது.

ஒருநாள் அவள் ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனாள். அவர் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலைக்குப் பக்கத்திலேயே கல் இருந்தது.

"குழியத் தொறக்கறதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. பானைகூட வாங்கி வச்சிட்டனுங்க" என்றாள்.

"சொன்னன் அம்மிணி, இல்லைன்னு சொல்லல. இப்பத் தொறந்து காரியம் பண்ணிக் கல்லு நாறறது நின்னு போச்சுன்னா ஊரு என்னாகறது? பத்தொம்பது வருசம் இருந்தவீங்க இன்னுங் கொஞ்ச நாளு இருக்கட்டுமே" என்றார். பிறகு ரசத்தைப் பிசைந்துகொண்டே, "கருவாடு வித்த காசு நாறுமா சொல்லு" என்றார்.

அவள் தெருவுக்கு வந்து காறித் துப்பினாள். நாட்ராயன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து அழுதாள். அவன் அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போய்விட்டான். குழி மூடிய நாளில் தான் மாட்டுச் சந்தையில் இருந்ததாகப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னவன். அதற்கப்புறம் குழியைப் பற்றி அவன் வாயைத் திறந்ததேயில்லை. தம்பிக்கு மச்சான் மேல் அவ்வளவு பாசம், பேசினால் தாங்கமாட்டான் என்று அவள் நினைத்திருந்தாள்.

மாசி மாதம் ஜெர்மன்காரர் மறுபடி வருவதாகத் தகவல் வந்தது. அர்த்தநாரியின் இருபத்தாறில் 'ராணி' என்று பேர் வைத்திருந்த கல்லை அவர் கேட்டிருந்தார். வெங்கச்சாங்கல் என்கிற வெள்ளைப் பாறை மேல் கைவிரல் கனத்துக்கு ஐந்து நீலம் நிமிர்ந்து நிற்கும். அடியில் மட்டும் எந்த ஆசிட்டுக்கும் அசையாத ஒரு பழுப்புக் கறை. இரும்புத் துரு என்பார் அர்த்தநாரி. கடைசியாக ஒருதரம் தேய்த்துப் பார் என்று சென்னியம்மாளிடம் கொடுத்துவிட்டு, ஜெர்மன்காரரை அழைத்துவரக் கோயமுத்தூர் போனார். அவள் கல்லைக் கையில் எடுத்ததும் நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது, குமட்டிக்கொண்டு வந்தது, கண் மறைத்தது. அந்த மயக்கத்தில், பத்தொன்பது வருஷத்தில் ஒருதரம்கூடச் செய்யாத தப்பைச் செய்தாள்: சீட்டை உரிக்காமல் கல்லைத் தொட்டியில் போட்டுவிட்டாள். எடுத்துப் பார்த்தபோது காகிதம் கஞ்சியாகிப் போயிருந்தது. கடல்நீலக்கல், நீலக்குழி, நொச்சிவலசு, சேகரித்தவர் அர்த்தநாரி, எல்லாம் கரைந்து போயிற்று.

சீட்டில்லாத கல்லைப் பார்த்தால் அவர் மாரடைத்துச் சாவார். புதுச் சீட்டு எழுதத்தான் வேண்டும். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கல்லின் பேர் எழுதினாள், ஊர் எழுதினாள். சேகரித்தவர் என்று எழுதப்போனபோது கை நின்றது. இந்த ஆள் குடை பிடித்துக்கொண்டு மேலே நின்றவர்; இவர் எங்கே சேகரித்தார் என்று முதல்தடவையாகத் தோன்றியது. எழுதினாள்: 'எடுத்தவன் பொங்கியண்ணன். எடுத்தவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.'

மை காய்வதற்குள் ராணி நாறுவதை நிறுத்திவிட்டது.

அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மீதி இருபத்தைந்து கல்லையும் எடுத்துவந்து, பழைய சீட்டுகளை நனைத்து உரித்து, நாலு பேர் பேரையும் மாற்றி மாற்றி எழுதி ஒட்டினாள். பொங்கியண்ணன், மாரப்பன், சின்னக்குட்டி, ஆறுமுகம். இருபத்தாறாவது சீட்டின் மை காய்ந்தபோது பங்களாவில் சாமந்திப்பூ வாசம் வந்தது. பூ எப்போதும் இருந்ததுதான், அதுவரைக்கும் யார் மூக்குக்கும் எட்டவில்லை. அவள் வியர்வையைத் துடைக்கக் கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். கை நாறியது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஜெர்மன்காரரும், ஊர்த்தலைவரும், மூக்குக்காரன் மாரண்ணனும் கூடத்தில் கூடியிருக்க, அர்த்தநாரி இரண்டு கையாலும் ராணியை ஏந்திக் கொண்டுவந்தார். ஜெர்மன்காரர் குனிந்து மோந்தார். மாரண்ணனும் மோந்தான், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் மோந்தான். கல்லில் ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர்க் குளிர்ச்சி. ஆனால் கூடம் முழுக்க நாறிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி கல்லைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையை மோந்து பார்த்தார். ஜெர்மன்காரர் தன் கையை மோந்தார், பிறகு உதட்டைத் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். சீட்டைத் திருப்பிப் படித்த அர்த்தநாரி, வாழ்க்கையில் முதல்தடவையாகக் குரலை உயர்த்தி, இது என்ன சென்னியம்மா என்று கேட்டார்.

"கல்லோட சீட்டுங்க மொதலாளி. ஊரும் எடுத்தவீங்க பேரும் சரியா இருக்கோணும்னு நீங்கதான் சொல்லுவீங்க" என்றாள்.

அன்றைக்கே ஊரிலிருந்த மற்றக் கற்களும் நாறுவதை நிறுத்திவிட, ஊர் முழுக்கக் கை நாற ஆரம்பித்துவிட்டது. அந்தக் கல்லை ஒளித்த கை, விற்ற கை, தரம் பிரித்த கை, கையெழுத்துப் போட்ட கை, எல்லாம் நாறின. சீயக்காய் போட்டார்கள், சாணியைக் கரைத்து ஊற்றினார்கள், எலுமிச்சையைத் தேய்த்துத் தேய்த்துத் தோலை உரித்துக்கொண்டார்கள். போகவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் குடலைப் புரட்டியது. இரண்டு நாள் ஊரே பட்டினி கிடந்தது. இனி வேறு வழியில்லை, ஓடிவந்து குழியைத் தோண்டுவார்கள் என்று சென்னியம்மாள் பானையைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாம் நாள் காங்கேயத்திலிருந்து ஒரு வண்டி நிறைய எவர்சில்வர் கரண்டி வந்து இறங்கியது. ஊர்த்தலைவர் வீட்டுக்கு வீடு இரண்டு கொடுத்தார். நொச்சிவலசு கரண்டியில் சாப்பிட ஆரம்பித்தது. களியைக் கரண்டியால் வெட்டித் தின்றது, கோழிக்குழம்பைக் கரண்டியால் தின்றது, கல்யாணப் பந்தியில் நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து இலையைக் கரண்டியால் சுரண்டினார்கள். ஒரு மாதத்தில் அதுவும் நாகரிகம் என்று ஆகிவிட்டது. அர்த்தநாரி வெள்ளை உறை மாட்டிக்கொண்டார். நாறாத கல்லை இனி எவனும் சீண்டமாட்டான் என்று இருபத்தாறையும் சாக்கில் கட்டி அவள் வாசலில் இறக்கிவிட்டு, வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

சென்னியம்மாளின் கையும் நாறிக்கொண்டுதான் இருந்தது. பத்தொன்பது வருஷம் அவன் மேல் இருந்த மண்ணைக் கழுவி, பளபளப்பாக்கி, காபியும் கொண்டுபோய்க் கொடுத்த கைதானே என்று அவள் கையையே திட்டினாள். ஆனால் கரண்டியைத் தொடவில்லை. அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டாள். முதல் கவளம் வெளியே வந்தது. இரண்டாவதை விழுங்கினாள்.

பங்குனி பிறந்த அன்று, கடப்பாரையும் கூடையும் எடுத்துக்கொண்டு குழிமேட்டுக்குத் தனியாகப் போனாள். வேப்பங்கன்று மரமாகியிருந்தது. நாறாத கல்லின் குழி யாருக்கும் வேண்டாததால் அவளை யாரும் தடுக்கவில்லை. ஒரு முழம் தோண்டியிருப்பாள், நாட்ராயன் வந்து நின்றான். கூடமாட உதவத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக் கடப்பாரையை நீட்டினாள். அவன் வாங்கக் கையை நீட்டியதும் காற்று அவள் பக்கம் திரும்பியது. இரண்டு கையும் நாறின, ஊரில் எந்தக் கையும் நாறாத அளவுக்கு நாறின. அவன் வீட்டில் கல் இருந்ததேயில்லை. அவன் எந்தக் கல்லையும் விற்றதில்லை.

"உன்ற கை எதுக்குடா நாறுது?" என்றாள்.

அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். குனிந்த தலையோடு சொன்னான்.

"நான் சந்தைக்குப் போவலக்கா. வடத்தப் புடிச்ச ஆறு பேர்ல நானும் ஒருத்தன். விடியக்காலத்துல இருந்தே மண்ணு உதுந்துட்டு இருந்துச்சு. கூடை எறங்குச்சு. மொதல்ல கல்லு ஏறட்டும், ஆளு பொறவு ஏறலாம்னாரு மொதலாளி. மூணு நடை கல்லே வந்துச்சு. நாலாவது நடை கூடை எறங்கி அடியத் தொட்டுச்சு, அப்பறந்தான் சத்தம் கேட்டுச்சு. எல்லாருங் கல்லத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. என்ற கையில வடம் இருந்துச்சுக்கா."

"பொறவு?"

"ரெண்டு தரம் இழுபட்டுச்சு."

குழி வேலை தெரிந்தவர்களுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு இழுப்பு என்றால் ஆள் ஏறிவிட்டான், தூக்கு.

"மண்ணு விழுந்த வேகத்துல இழுத்திருக்கும்னு நெனச்சனக்கா" என்றான். பிறகு, "அப்புடித்தான் நெனைக்கோணும்னு நெனச்சன்" என்றான்.

அவள் அவனை அடிக்கவில்லை, சாபம் கொடுக்கவில்லை. அர்த்தநாரியைப் பார்த்தும் ஜெர்மன்காரரைப் பார்த்தும் வந்த அருவருப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. தூக்கி வளர்த்த தம்பி, தீபாவளிக்குத் தீபாவளி அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்த தம்பி. தோண்டு என்றாள். அவன் தோண்டினான்.

பங்குனியும் சித்திரையும் வைகாசியும் தோண்டினார்கள். ஓடிப்போன விதவைகளில் உயிரோடிருந்த இருவர் கேள்விப்பட்டு வந்து மண் சுமந்தார்கள். ஊர் சாலையோரம் நின்று பார்த்துவிட்டுக் கரண்டியோடு சாப்பிடப் போயிற்று. வைகாசி கடைசியில், முப்பதடியில், கடப்பாரை பிரம்பில் பட்டது. நாலாவது நடைக்கு இறங்கிய கூடை. பொங்கியண்ணன் அதற்குள் உட்கார்ந்திருந்தான். முழங்கால் இரண்டையும் மடக்கி, ஏறுகிறவன் உட்காருகிறபடி உட்கார்ந்து, எலும்புக் கை வடத்தைப் பிடித்திருந்தது. மற்ற மூன்று பேரும், அடுத்த நடைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி, பக்கத்தில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். சுவர் முழுக்க நீலம் பூத்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

சென்னியம்மாள்தான் கீழே இறங்கியிருந்தாள். கோடித் துணியை அவன் மேல் போர்த்தினாள். பானை தேவைப்படவில்லை, அவன் ஏற்கெனவே கூடையில் ஏறிவிட்டிருந்தான். புது வடத்தைக் கூடையில் முடிந்தாள். பிறகு வடத்தை இரண்டு தரம் இழுத்தாள். மேலே நாட்ராயன் தூக்கினான். அழுதுகொண்டே தூக்கினான் என்று மற்றப் பெண்கள் பிறகு சொன்னார்கள். நாலு நடை இறங்கி நாலு பேரும் ஏறிய பிறகு, அவள் தகர டப்பாவின் மண்ணையும் சாக்கிலிருந்த இருபத்தாறு கல்லையும் குழிக்குள் கொட்டிவிட்டு ஏறிவந்தாள்.

காரியம் முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது உச்சிப்பொழுது. நாட்ராயன் கையை மோந்து பார்த்தான். நம்பாமல் மறுபடியும் மோந்தான். ஓடிப்போய் அக்காவின் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். செம்மண் வாடை, வியர்வை வாடை, அவ்வளவுதான். அவள் தன் கையையும் மோந்து பார்த்தாள். அதுவும் நாறவில்லை. இவ்வளவு சுலபமா என்று நினைத்தாள், பத்தொன்பது வருஷம், இவ்வளவு சுலபமாகப் போய்விடுமா என்று நினைத்தாள். அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தூக்குப்போசியைத் திறந்து பழைய சோற்றை இரண்டு தட்டில் போட்டாள். தன் தட்டில் கையை வைத்துப் பிசைந்தாள். மடியிலிருந்து ஊர்த்தலைவர் கொடுத்த எவர்சில்வர் கரண்டியை எடுத்துத் தம்பியின் தட்டில் குத்தி, அவன் பக்கம் தள்ளினாள்.

"கை இப்ப நாறலியேக்கா" என்றான்.

"எனக்கு நாறுதுடா" என்றாள்.

அவன் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கரண்டியை எடுத்துச் சாப்பிட்டான்.